சுவரில் இருக்கும் பிள்ளைகள், கூட நடக்கும் பிள்ளைகள்

வணக்கம், நேயர்களே. பள்ளி விடுமுறை வரப் போகிறது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பினாங்கின் ஜோர்ஜ் டவுன் சுவரோவியங்களைப் பார்க்க வருகிறவர்களுக்கு ஏதாவது சொல்லுங்கள் என்று வானொலி நிலையத்தார் கேட்டார்கள். கண்ணால் பார்க்க வேண்டியதைக் காது வழியே சொல்ல வேண்டியிருக்கிறதே என்று முதலில் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம் யோசித்தால் இதுவும் வசதிதான். படங்களை எல்லாரும் கைப்பேசியில் ஏற்கெனவே பார்த்துவிட்டீர்கள். நான் அந்தப் படங்கள் இருக்கும் தெருக்களைப் பற்றிப் பேசுகிறேன்.

நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். உறவுக்காரர்கள், பழைய மாணவர்கள் என்று யாராவது குடும்பத்தோடு பினாங்குக்கு வந்தால், "சார், நீங்களும் வாங்க" என்று அழைத்துப் போவார்கள். பெரும்பாலான குடும்பங்கள் இந்த நடையை எப்படி நடக்கின்றன என்று எனக்கு நன்றாகத் தெரியும். காலை பத்து மணிக்கு மேல் காரை நிறுத்த இடம் தேடி அலைவது, நேராக லெபோ அர்மேனியன் (லெபோ என்றால் தெரு), சைக்கிள் ஓவியத்துக்கு முன்னால் வரிசை, ஒரு படம், பிறகு மோட்டார் சைக்கிள் ஓவியம், அங்கேயும் வரிசை, இன்னொரு படம். அதற்குள் வெயில் ஏறிவிடும். சின்னது அழ ஆரம்பிக்கும். ஒரு செண்டோல் குடித்துவிட்டு ஹோட்டலுக்குத் திரும்பிவிடுவார்கள். "பார்த்தாச்சு" என்பார்கள். என்ன பார்த்தார்கள்?

சரி, அந்தச் சைக்கிளிலிருந்தே தொடங்குவோம். 2008 ஜூலையில் மலாக்காவோடு சேர்த்து ஜோர்ஜ் டவுனை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நான்கு ஆண்டு கழித்து, 2012 ஜோர்ஜ் டவுன் விழாவுக்காக, லித்துவேனியாவில் பிறந்த எர்னஸ்ட் ஸகாரெவிச் என்ற இளம் ஓவியர் நகரின் சில சுவர்களில் வரைந்தார். லெபோ அர்மேனியனில் ஒரு பழைய சைக்கிளைச் சுவரோடு பொருத்தி, அதை ஓட்டும் அக்காவையும் பின்னால் இருந்து அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாய்விட்டுக் கத்தும் தம்பியையும் சுவரிலேயே தீட்டினார். லெபோ ஆ குவீயில் உண்மையான மோட்டார் சைக்கிள், அதன்மேல் ஓவியப் பையன். லெபோ கெனன் சுவரில் ஒரு நாற்காலியின்மேல் ஏறி எதையோ எட்டப் பார்க்கும் இன்னொரு பையன். லெபோ முன்ரியில் நீலச் சட்டை போட்ட பிரம்மாண்டமான சிறுமி, இரண்டு சன்னல்களுக்கு மேலே கை ஊன்றித் தொங்குகிறாள்.

பாதி பொருள், பாதி சாயம் என்ற இந்த உத்திதான் அவற்றை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. பார்ப்பவர் அந்தச் சைக்கிளைத் தொடலாம், ஓவியத்துக்குள் தானும் ஒரு ஆளாக நின்று கொள்ளலாம். பிள்ளைகளுக்குப் பிடிப்பதற்குக் காரணமே அதுதான். நான் குறை சொல்ல மாட்டேன், படம் எடுங்கள்.

ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? அந்த ஓவியங்களில் இருப்பவர்கள் பெரும்பாலும் குழந்தைகள். உண்மையான தெருவில் குழந்தைகளைத் தேடிப் பாருங்கள். சுற்றுலாவுக்கு வந்த பிள்ளைகளைத் தவிர, அங்கேயே பிறந்து வளர்கிற பிள்ளைகளைப் பார்ப்பது அரிதாகிவிட்டது. அதற்கு ஒரு காரணம் உண்டு. 1948க்கு முன் கட்டிய கட்டடங்களின் வாடகையை ஏற்றவிடாமல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பல்லாண்டு காலம் பிடித்து வைத்திருந்தது. ஜோர்ஜ் டவுனின் பழைய கடைவீடுகள் ஏறக்குறைய எல்லாமே அதில் அடங்கும். கீழே கடை, மேலே ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்கள், பின்கட்டில் சமையல், கடைமுன் கூரையிட்ட நடைபாதையான அஞ்சடியில் பிள்ளைகள் விளையாட்டு என்று மிகக் குறைந்த வாடகையில் ஒரு வாழ்க்கை ஓடியது. 1997இல் அந்தச் சட்டத்தை ரத்து செய்தார்கள். 2000 பிறந்தபோது பாதுகாப்பு முழுதும் நீங்கி, வாடகை சந்தை விலைக்குப் போனது. குடும்பங்கள் ஜெலுத்தோங், ஆயர் ஈத்தாம், கடல் தாண்டி பட்டர்வொர்த் என்று கிளம்பின. எனக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்களும் அதில் உண்டு. பல வீடுகள் பூட்டிக் கிடந்தன. பட்டியலில் பெயர் வந்த பிறகு ஹோட்டலாகவும் காப்பிக் கடையாகவும் திறந்தன.

ஆக, பிள்ளைகள் போய்விட்ட தெருவில் பிள்ளைகளை வரைந்திருக்கிறார்கள். ஓவியர் அதை நினைத்து வரைந்தாரா என்பது எனக்கு முக்கியமில்லை. உங்கள் பிள்ளையை அந்தச் சைக்கிள் முன் நிறுத்தும்போது, "இங்கே முன்பு யார் இருந்தார்கள் தெரியுமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வரிசையில் காத்திருக்கும் நேரத்துக்குப் பேச விஷயம் கிடைக்கும். ஒருமுறை என்னோடு வந்த ஒரு சிறுமி, மோட்டார் சைக்கிள் பையனை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இவன் வீட்டுக்குப் போகவே மாட்டானா தாத்தா?" என்றாள். நான் இவ்வளவு நேரம் சொன்னதை அவள் ஒரே கேள்வியில் கேட்டுவிட்டாள்.

சாய ஓவியங்களைவிட எனக்கு நெருக்கமானவை வேறு. ஜோர்ஜ் டவுனில் நடக்கும்போது சுவரை ஒட்டிக் கறுப்பு இரும்புக் கம்பியை வளைத்துச் செய்த கேலிச்சித்திரங்களைப் பார்ப்பீர்கள். இவை ஸகாரெவிச்சுக்கு முந்திய திட்டம். 2009இல் பினாங்கு மாநில அரசு நடத்திய போட்டியில் தேர்வான யோசனை. உள்ளூர்க் கேலிச்சித்திரக்காரர்கள் வரைய, அவற்றைக் கம்பியில் செய்தார்கள். மொத்தம் 52. ஒவ்வொன்றும் அது நிற்கும் தெருவைப் பற்றியே பேசுகிறது. சைக்கிள் ஓவியத்தைப் பெயர்த்து ஈப்போவில் ஒட்டினாலும் அது சைக்கிள் ஓவியம்தான். இந்தக் கம்பிச் சித்திரங்களை அடுத்த தெருவுக்குக்கூட மாற்ற முடியாது.

லெபோ கெனனில் உள்ளதை எடுத்துக்கொள்ளுங்கள். 1867இல் இந்த ஊரில் இரகசியச் சங்கங்களுக்குள் பெரிய கலவரம் மூண்டது. கீ ஹின், தோ பே கோங் என்ற இரண்டு சீனச் சங்கங்களும், அவற்றோடு சேர்ந்துகொண்ட வெள்ளைக்கொடி, சிவப்புக்கொடிக் கூட்டங்களும் நாட்கணக்கில் அடித்துக்கொண்டன. அப்போது வெடித்த பீரங்கிக் குண்டு விழுந்த பள்ளத்தை வைத்துத்தான் அந்தத் தெருவுக்கு அப்பெயர் என்பார்கள். கம்பிச் சித்திரமும் அதைத்தான் வேடிக்கையாகக் காட்டுகிறது. லோரோங் சூ ஹோங்கில் திரிஷா என்ற சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுபவர் ஒருவர் சந்துக்குள் புக முடியாமல் மாட்டிக்கொண்டு நிற்கிறார். அந்தச் சந்தைப் பார்த்தாலே பிள்ளைகளுக்கு விளங்கிவிடும், விளக்கவே வேண்டாம். லெபோ முன்ரி பக்கம் இன்னொன்று. காலணி வடிவமைப்பில் உலகப் புகழ் பெற்ற ஜிம்மி சூ, தொழில் பழகியது இந்த ஊரில்தான் என்று அது சொல்கிறது. செருப்புத் தைக்கிற பட்டறையிலிருந்து ஒருவர் எவ்வளவு தூரம் போகலாம் என்று பிள்ளைகளுக்குக் காட்ட நல்ல இடம்.

லவ் லேனில் உள்ளதைப் பற்றி மட்டும் முன்கூட்டியே எச்சரித்துவிடுகிறேன். வசதியான ஆண்கள் வீட்டுக்குத் தெரியாமல் இன்னொரு வீடு வைத்திருந்த தெரு அது என்று ஒரு கதை. மாடியிலிருந்து நழுவி ஓடப் பார்க்கும் கணவரைக் கம்பியில் செய்து மாட்டியிருக்கிறார்கள். "அங்கிள் ஏன் சன்னல் வழியா இறங்குறாரு?" என்று கேள்வி வரும். பதிலைத் தாய்மார்களிடம் விட்டுவிட்டு நான் பேசாமல் முன்னால் நடந்துவிடுவது வழக்கம்.

இந்தச் சித்திரங்களின் வாசகங்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. பெற்றோர் படித்துத் தமிழில் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்காகவே அடுத்ததைத் தேடிக்கொண்டு ஓடுவார்கள். கால் வலி மறந்துவிடும்.

இப்போது எங்கே தொடங்குவது என்று பார்ப்போம். எல்லாரும் லெபோ அர்மேனியனில் தொடங்குகிறார்கள். நான் லெபோ குயினில் தொடங்கச் சொல்வேன், அதுவும் காலை ஏழரைக்கு. மாரியம்மன் கோயில் அங்கே இருக்கிறது. 1833இல் எழுந்த கோயில், பினாங்கின் மிகப் பழைய இந்துக் கோயில். கோபுரத்தில் இருக்கும் சுதைச் சிற்பங்களும் தெருவில் போகிறவர் அண்ணாந்து பார்ப்பதற்காகச் செய்து வண்ணம் தீட்டியவைதான். அதைக் கலை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்காமல் சைக்கிளை மட்டும் கலை என்று காட்டினால் எப்படி? ஒரு கும்பிடு போட்டுவிட்டு, நம்மவர்கள் கடைத்தெரு என்று அழைத்த லெபோ பாசாரில் பசியாறிவிட்டு நடங்கள்.

துறைமுகத்தில் கப்பலிலிருந்து கரைக்குச் சரக்குக் கொண்டுவந்த படகுக்காரர்களில் தமிழர்கள் நிறையப் பேர். இந்தத் தெருக்களில்தான் அவர்கள் தங்கியிருந்தார்கள். அவர்களுக்கு ஒரு சுவரும் கிடைத்திருக்கிறது. ஸ்டூவர்ட் லேன் வட்டாரத்தில் ரஷ்ய ஓவியர் ஜூலியா வோல்ச்கோவா ஓர் இந்தியப் படகோட்டியை ஆள் உயரத்துக்கும் பெரியதாக வரைந்திருக்கிறார். சைக்கிள் முன்னால் நிற்கும் கூட்டத்தில் பாதிகூட இங்கே வருவதில்லை. எனக்கு அதில் ஒரு வருத்தம் உண்டு, சொல்லிவிடுகிறேன். இவ்வளவு சுவர்களில் இவ்வளவு முகங்கள் இருக்கும் ஊரில், நம் பிள்ளைகள் "இது நம்ம தாத்தா மாதிரி இருக்காரே" என்று சொல்லக்கூடிய முகங்கள் குறைவு. ஆனால் தெருவே நம்மைப் பற்றிப் பேசுகிறதே! லெபோ சூலியா என்பது தமிழ் முஸ்லிம்களைக் குறித்த பெயர். அதே தெருவும் லெபோ கிங்கும் சந்திக்கும் மூலையில் நாகூர் தர்கா. சற்றுத் தள்ளி கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், இந்திய முஸ்லிம்களின் தலைவராக இருந்த காதிர் முகைதீன் 1801இல் நிறுவியது. நாசி கண்டார் சாப்பிடும்போது, தோளில் கம்பு வைத்து இரு முனையிலும் கூடை தொங்கவிட்டுத் துறைமுகத் தொழிலாளர்களுக்குச் சோறு விற்ற தமிழ் முஸ்லிம்களைப் பற்றிச் சொல்லுங்கள். அந்தக் கம்பின் பெயர்தான் இன்றும் கடைப் பலகையில் இருக்கிறது.

பள்ளிவாசலிலிருந்து தெற்கே நடந்தால் லெபோ கெனன், லெபோ அர்மேனியன், லெபோ ஆ குவீ எல்லாம் அடுத்தடுத்து வந்துவிடும். ஆ குவீயில் கயிற்றில் கட்டிய டைனோசரை இழுத்து வரும் பையன் ஒருவனும் உண்டு. மங்கிப் போயிருப்பான், தேடிப் பாருங்கள். பூனை பிடித்த பிள்ளைகளாக இருந்தால், 2013இல் தெரு விலங்குகள்மீது அக்கறை வர வேண்டும் என்று வரையப்பட்ட பூனை ஓவியங்களை அந்த வட்டாரத்தில் எண்ணச் சொல்லலாம். காட் லெபோ சூலியா அருகே, உள்ளூர் ஓவியர் லூயிஸ் கான் வரைந்த அண்ணன் தங்கை ஊஞ்சல் இருக்கிறது. சுவரில் உண்மையான ஊஞ்சல், உட்காரலாம். சிறு பிள்ளைகளுக்குச் சைக்கிளைவிட இதுவே பிடிக்கிறது. கோயிலிலிருந்து இதுவரை நேரே நடந்தால் இரண்டு கிலோமீட்டருக்குள்தான்.

தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அஞ்சடி நிழலாக இருக்கும், ஆனால் கடைக்குக் கடை மேடும் பள்ளமும். நடுவில் மோட்டார் சைக்கிள் நிறுத்தியிருப்பார்கள், அல்லது மேசை போட்டிருப்பார்கள். தெருவில் இறங்கினால் கார். முடிந்தால் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாகச் சூ ஜெட்டி. கடலின்மேல் மரக்கால் நட்டுக் கட்டிய வீடுகள். சூ என்ற குடும்பப் பெயர் கொண்ட சீனர்களின் குடியிருப்பு. ஸகாரெவிச் 2012இல் இங்கேயும் ஒரு மரச் சுவரில் படகில் இருக்கும் சிறுவர்களை வரைந்தார். உப்புக்காற்றும் மழையும் அடித்து அது ஏறக்குறைய அழிந்துவிட்டது. ஊருக்குள்ளும் இதே தொல்லைதான். பழைய கடைவீடுகளின் செங்கல் சுவரில் சுண்ணாம்புச் சாந்து பூசியிருப்பார்கள். அது நிலத்திலிருந்து ஈரத்தை உறிஞ்சி வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அதன்மேல் புதுக்காலச் சாயத்தை அடித்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் சாயம் கொப்பளித்து உரிந்துவிடும். சாயத்துக்கு மட்டுமல்ல, சுவருக்கும் கேடு. கண்ட கண்ட சுவரில் எல்லாம் வரைகிறார்களே என்று பாரம்பரியக் கட்டடங்களைக் காப்பவர்கள் கவலைப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். கடை விளம்பரத்துக்காகச் சைக்கிளைக் காப்பியடித்து வரைந்த சுவர்களைப் பார்க்கும்போது அவர்கள் பக்கம் நியாயம் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

ஜெட்டியில் இன்னும் குடும்பங்கள் வாழ்கின்றன. பாட்டிமார் வாசலில் உட்கார்ந்திருப்பார்கள், துணி காயும், பிள்ளைகள் பள்ளிக்கூடப் பையோடு வீட்டுக்குள் ஓடும். படம் எடுக்க வேண்டாம் என்று எழுதியிருந்தால் எடுக்காதீர்கள். திறந்திருக்கும் கதவு வழியே எட்டிப் பார்க்காதீர்கள். இதைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பெரியவர்களுக்கும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஜெட்டியிலிருந்து பெங்காலான் வெல்ட் பேருந்து நிலையம் பக்கம்தான். கொம்தார் கோபுரக் கட்டடத்துக்குப் போகும் 'கேட்' (CAT) என்ற இலவசப் பேருந்து அங்கிருந்து கிளம்பும், காரை கொம்தாரில் விட்டு வந்தவர்கள் அதில் ஏறிக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமையாக இருந்து பெரிய பிள்ளைகளுக்கு இன்னும் தெம்பிருந்தால், ஜாலான் குர்த்வாராவில் ஹின் பஸ் டிப்போ இருக்கிறது. பழைய பேருந்துப் பணிமனையைக் கலைக்கூடமாக மாற்றியிருக்கிறார்கள். ஸகாரெவிச் 2014இல் தனிக் கண்காட்சி வைத்ததும் இங்கேதான். ஞாயிறு சந்தையும் நடக்கும். தண்ணீர்ப் போத்தலை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

நன்றி, வணக்கம்.