கதிர், முல்லைக்கு முன்பே ஒரு கடை இருந்தது

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சாப்பாட்டு நேரம் தாண்டியும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் புதுவைப் பெருமக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

மனத்தில் நிலைத்து நிற்கும் ஜோடி சின்னத்திரையிலா, புத்தகத்திலா? நான் புத்தகத்தின் பக்கம் பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய தம்பி, பாண்டியன் ஸ்டோர்ஸ் தொடரில் வரும் கதிர், முல்லை ஜோடியை எடுத்துக்கொண்டு அழகாகப் பேசினார். நானும் கை தட்டினேன். கடைசியில் ஒரு சவால் விட்டார்: "புத்தகத்தில் ராஜாவும் ராணியும்தான் இருப்பார்கள். மளிகைக் கடை நடத்தும் குடும்பத்தில் இப்படி ஒரு ஜோடியை எந்தப் புத்தகத்திலாவது காட்டுங்கள் பார்க்கலாம்."

தம்பி, காட்டுகிறேன். அதற்கு முன்னால் ஒன்று சொல்ல வேண்டும். 2018-இல் அந்தத் தொடர் வந்த நாளிலிருந்து அதை ஒரு நாள் விடாமல் பார்த்தவர் என் அம்மா. முத்தியால்பேட்டை வீட்டில் மறுநாள் பொரியலுக்கு அரிவாள்மனை முன்னால் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டே பார்ப்பார். கதிரும் முல்லையும் வந்தால் கை அப்படியே நின்றுவிடும். பாதி நறுக்கிய காய் விரலிலேயே இருக்கும். ஒருநாள் கேட்டேன், "அப்படி என்னம்மா இருக்கு அந்த ரெண்டு பேர்கிட்ட?" அம்மா சொன்னார்: "அவன் வாய் திறந்து ஒண்ணும் சொல்ல மாட்டான்டி. ஆனா அவளுக்கு என்ன வேணும்னு அவனுக்குத் தெரியும்."

அந்த ஜோடியின் உயிர் அதுதான். இருவரும் விரும்பிச் செய்துகொண்ட கல்யாணம் இல்லை. முல்லைக்குப் பேசியிருந்தது கதிரின் அண்ணன் ஜீவாவை. தாலி கட்டியது கதிர். முதலில் முறைப்பு, பிறகு சண்டை, அதன் பிறகு கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்த அன்பு. தமிழ்நாட்டிலும் புதுவையிலும் எத்தனையோ வீடுகளில் நடந்த கதை அது. அதனால்தான் அத்தனை பேர் அதைத் தங்கள் கதையாக எடுத்துக்கொண்டார்கள்.

சரி, இப்போது சவாலுக்கு வருகிறேன். அதற்கு நான் தூரதேசம் போக வேண்டியதில்லை. பெருமாள் கோயில் தெருவில் பாரதிதாசன் வாழ்ந்த வீடு இருக்கிறது. இன்று அது நினைவு அருங்காட்சியகம். அந்தக் கவிஞர் 1940களில் எழுதத் தொடங்கிய காவியம் குடும்ப விளக்கு. ஐந்து பகுதிகள். அதில் ராஜா இல்லை, ராணி இல்லை, போர் இல்லை. முதல் பகுதி முழுக்க ஒரே ஒரு நாள், ஒரே ஒரு வீடு. கணவன் மணவழகன் கடை வைத்திருக்கும் வணிகன். மனைவி தங்கம். விடியலில் எழுந்து கோலம் போடுகிறாள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறாள், மாமன் மாமியைக் கவனிக்கிறாள். இதுவரை எல்லோரும் எழுதுவதுதான். அதற்கு மேல் கவிஞர் போகிறார். உடைந்த மரச்சாமானை அவளே உட்கார்ந்து பழுது பார்க்கிறாள். அப்புறம், கணவன் சற்று ஓய்வெடுக்கட்டும் என்று சொல்லிவிட்டு அவளே கடைக்குப் போய் வியாபாரத்தைப் பார்க்கிறாள்!

கடையில் முல்லை உட்கார்ந்தால் நாம் திரையைப் பார்த்துக் கை தட்டுகிறோம். 1964-இல் மறைந்துவிட்ட ஒரு கவிஞர், தொலைக்காட்சி என்பதே நம் வீடுகளில் இல்லாத காலத்தில், தங்கத்தைக் கல்லாவில் உட்கார வைத்துவிட்டார், தம்பி!

எதிரணியில் சகோதரி ஒருவர் சொன்னார்: திரையில் முகம் இருக்கிறது, குரல் இருக்கிறது, பின்னணி இசை இருக்கிறது, புத்தகத்தில் வெறும் எழுத்துதானே என்று. நியாயமான கேள்வி. ஆனால் அந்த முகத்தையே நம்பியிருப்பதில் ஒரு வலி உண்டு. முல்லையாக நடித்த சித்ரா 2020 டிசம்பரில் மறைந்தார். அன்று எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. பார்த்தறியாத ஒரு பெண்ணுக்காக என் அம்மா சொந்த மகளைப் பறிகொடுத்தவர் போல அழுதார். பிறகு அந்தப் பாத்திரத்தில் வேறு ஒருவர் நடித்தார். அவர் மீது எந்தக் குறையும் இல்லை, நன்றாகத்தான் நடித்தார். ஆனால் அம்மா அதன் பிறகு அவரைக்காயை நிறுத்தாமல் நறுக்கினார். தங்கத்தின் முகம் எனக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று. என் மனத்தில் இருக்கும் தங்கத்தை என்னிடமிருந்து யார் பிரிக்க முடியும்?

இன்னொரு ஜோடி. பக்கத்துக் கடலூருக்கு வாருங்கள். திருப்பாதிரிப்புலியூரில் 1906-இல் பிறந்தவர் புதுமைப்பித்தன். அவர் எழுதிய 'செல்லம்மாள்' என்ற சிறுகதையைப் படிக்காதவர்கள் இன்றைக்கே தேடிப் படியுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். பிரமநாயகம் பிள்ளை சென்னையில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறார். சொற்பச் சம்பளம். மனைவி செல்லம்மாள் தீராத நோயாளி. பகலெல்லாம் கடையில் நின்றுவிட்டு இரவு வீடு வந்து அவரே அடுப்பு மூட்டுகிறார், அவளுக்கு வேண்டியதைச் செய்கிறார். அவளால் கடைக்கு வர முடியாது. அதனால் சேலைகளை வீட்டுக்கே எடுத்து வந்து, உனக்குப் பிடித்ததை நீயே பார்த்து எடுத்துக்கொள் என்கிறார். ஊரார் உடுத்துவதற்கு நாள் முழுக்கத் துணி விரித்துக் காட்டும் மனிதர், ராத்திரி தன் மனைவி முன்னால் விரிக்கிறார். அங்கே பின்னணி இசை இல்லை. கண்ணீர் வடிக்கும் நெருக்கக் காட்சி இல்லை. பிள்ளை ஒரு வார்த்தை கொஞ்சிப் பேசுவதைக்கூட நான் பார்க்கவில்லை. கதையின் தொடக்கத்திலேயே செல்லம்மாள் இறந்துவிடுகிறாள். அது தெரிந்துகொண்டேதான் மிச்சக் கதையைப் படிக்கிறோம். தெரிந்தும் அந்தச் சேலையிடம் வரும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் தொண்டை அடைக்கிறது.

"வாய் திறந்து ஒண்ணும் சொல்ல மாட்டான், ஆனா அவளுக்கு என்ன வேணும்னு தெரியும்." அம்மா கதிரைப் பற்றிச் சொன்னது, பிரமநாயகம் பிள்ளைக்கு எப்படிப் பொருந்துகிறது பாருங்கள்!

முட்டிக்கொள்ளும் ஜோடிதான் பிடிக்கும் என்கிற இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. வீராணம் ஏரிக்கரையில் குதிரையில் வரும் வந்தியத்தேவனில்தான் கல்கி பொன்னியின் செல்வனைத் தொடங்குகிறார். அவனும் குந்தவையும் முதலில் சந்திப்பது குடந்தை ஜோதிடர் வீட்டில். அடுத்தது அரிசிலாற்றங்கரை. முதலையைப் பார்த்துவிட்டு, பெண்களைக் காப்பாற்ற வீரமாக வேலை எறிகிறான். பார்த்தால் அது உள்ளே பஞ்சு அடைத்த செத்த முதலை! சுற்றியிருக்கும் பெண்கள் எல்லாம் சிரிக்கிறார்கள். நாயகியிடம் நாயகன் அசடு வழியும் காட்சி எந்தத் தொடரில் வந்தாலும் எனக்கு அந்த முதலைதான் நினைவுக்கு வருகிறது. அவர்கள் ராஜா வீட்டுக் கதைதான், ஒப்புக்கொள்கிறேன். அசடு வழிவதற்கு ராஜா வீடு என்ன, மளிகைக் கடை என்ன?

மணி அடித்துவிட்டார்கள். ஒரே ஒரு நிமிடம், நடுவர் அவர்களே.

அந்தத் தொடரை அம்மா விட்ட பிறகு, அந்த நேரத்தில் நான் அவருக்குக் குடும்ப விளக்கு படித்துக் காட்டத் தொடங்கினேன். ஒரு நாளைக்கு நாலைந்து பக்கம். தங்கம் கடைக்குக் கிளம்பிய இடத்தில் "அட, நம்ம முல்லை!" என்றார். அவராகச் சொன்னார், நான் சொல்லிக்கொடுக்கவில்லை. ஐந்தாம் பகுதி முதியோர் காதல். மணவழகரும் தங்கமும் கிழவரும் கிழவியும் ஆகிவிட்டார்கள். அவள் உடம்பு காய்ந்த புல்லுக்கட்டு, முகம் வறண்ட நிலம், கண்கள் குழி விழுந்தவை என்று கிழவரே சொல்கிறார். பிறகு எதுதான் எனக்கு இன்பம் தருகிறது என்று அவரே கேட்டு, அவரே பதில் சொல்கிறார்: "இருக்கின்றாள் என்பதொன்றே."

அம்மா இன்னொரு முறை படிக்கச் சொன்னார். படித்தேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அரிவாள்மனையை மடக்கி ஓரமாக வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார், "அப்பா ராத்திரி மாத்திரை போட்டாரான்னு பார்த்துட்டு வா."

தம்பி, நீங்கள் கேட்ட புத்தகம் இதோ என் கையில் இருக்கிறது. அம்மாவின் பிரதி, பக்கங்களில் அவரைக்காய்க் கறை இருக்கும். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். வணக்கம்.