மாடி வீட்டுக்காரர் தூங்கட்டும்

எல்லோருக்கும் வணக்கம்.

போன மாதம் இதே இடத்தில் ஒரு நண்பர் கேதார்நாத்துக்கு நடந்து போய் வந்த கதையைச் சொன்னார். இந்த மாதம் ஒளிந்திருக்கும் காக்டெய்ல் பார்களைப் பற்றிப் பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். வரிசையைப் போட்டவர் யாரோ, நல்ல குசும்புக்காரர். நான் மேடைக்கு வரும்போது செயலாளர் காதோடு ஒன்று சொன்னார்: "மைக்கைக் கொஞ்சம் குறைச்சு வச்சிருக்கோம் சார். மாடியில குடியிருக்காங்க." இன்றைய பேச்சுக்கு இதைவிடப் பொருத்தமான முன்னுரை கிடையாது. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

லண்டனில் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பக்கம் ஒரு சிற்றுண்டிக் கடை. முட்டை, பான்கேக், காபி என்று ஜேஜே என்று இருக்கும். அங்கே பணியாளரிடம் போய், "மேயரைப் பார்க்க வந்திருக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். அவர் உங்களை ஒரு பெரிய ஃபிரிட்ஜுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துவார். கதவைத் திறந்தால் உள்ளே பாலும் இல்லை, தயிரும் இல்லை. கீழே இறங்கும் படிக்கட்டு இருக்கிறது. இறங்கினால் பார். பார்சிலோனாவிலும் ஃபிரிட்ஜ்தான். எல் போர்ன் பகுதியில் பாஸ்ட்ராமி சாண்ட்விச் கடை ஒன்றில் மரத்தாலான பழைய ஃபிரிட்ஜ் கதவு இருக்கிறது. அதைத் தாண்டினால் 'பாரடைசோ'. 2022-இல் உலகத்தின் முதல் ஐம்பது பார்கள் பட்டியலில் முதலிடம் அதற்குத்தான். 2024-இல் முதலிடம் மெக்சிகோ சிட்டியில் இருக்கும் 'ஹேண்ட்ஷேக் ஸ்பீக்ஈசி'க்கு. ஒளிந்திருக்கிற பார் உலகத்திலேயே முதலிடம் வாங்குகிறது என்றால் அது எந்த லட்சணத்தில் ஒளிந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, எதற்கு இந்த ஒளிதல்? யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்தது, போலீஸுக்குப் பயந்து ஒளித்து நடத்தினார்கள், வாசலில் மெதுவாகப் பேசு என்பார்கள், அதனால் 'ஸ்பீக்ஈசி', அந்த மரபுதான் இன்றும் தொடர்கிறது. இதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியைச் சொல்லத்தான் நான் வந்திருக்கிறேன்.

மதுவிலக்கு இருந்தது உண்மை. 1920 ஜனவரி 17 முதல் 1933 டிசம்பர் 5 வரை. தயாரிப்பது, விற்பது, கொண்டுபோவது எல்லாம் குற்றம். வேடிக்கை என்னவென்றால், குடிப்பது மட்டும் குற்றமில்லை. நியூயார்க்கில் மேற்கு 52-ஆம் தெருவில் 21-ஆம் எண் வீட்டில் 1930-இன் முதல் நாள் ஒரு கிளப் திறந்தார்கள். பெயரும் '21'தான். அதன் நிலவறையில் ஒரு கதவு இருந்தது. பார்ப்பதற்குச் செங்கல் சுவர், எடை இரண்டரை டன், கைப்பிடி கிடையாது. செங்கல்களுக்கு நடுவே ஒரு பொடி ஓட்டை. இறைச்சி குத்தும் நீளக் கம்பி ஒன்றைச் சரியான இடத்தில் உள்ளே விட்டால்தான் தாழ் விடுபடும். இதில் பெரிய கெட்டிக்காரத்தனம் வேறு. கதவுக்கு அந்தப் பக்கம் இருப்பது 21-ஆம் எண் வீடே இல்லை, பக்கத்து 19-ஆம் எண் வீட்டின் நிலவறை. "இந்தக் கட்டடத்தில் சரக்கு இருக்கிறதா?" என்று அதிகாரி கேட்டால் பணியாளர் நெஞ்சில் கை வைத்து "இல்லை" என்பார். பொய் இல்லையே! தருமர் "அசுவத்தாமா" என்று உரக்கச் சொல்லிவிட்டு, "என்கிற யானை" என்பதை வாய்க்குள் சொன்ன மாதிரிதான். 1932-இல் பெரிய சோதனை நடந்தது. ஒரு சொட்டுகூட கையில் கிடைக்கவில்லை.

பிடிப்பவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. நியூயார்க்கில் இஸ்ஸி ஐன்ஸ்டைன் என்று ஒரு மதுவிலக்கு ஏஜெண்ட். குள்ளம், தொப்பை, போலீஸ்காரர் என்று சத்தியம் செய்தாலும் நம்ப முடியாத உருவம். கோட்டுப் பையில் ஒரு சின்னப் புனலைத் தைத்து வைத்திருப்பார். வாங்கிய மதுவை வாயில் ஊற்றுவது போல் புனலில் ஊற்றினால் குழாய் வழியாக உள்ளே இருக்கும் குப்பிக்குப் போய்விடும். கோர்ட்டுக்கு அதுதான் சாட்சி. மோ ஸ்மித் என்ற கூட்டாளியோடு சேர்ந்து 4,932 பேரைப் பிடித்தார். ஊரெல்லாம் இவர்கள் பேச்சாகவே ஆனது. 1925-இல் இரண்டு பேரையும் வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

இதையெல்லாம் கேட்கச் சுவாரசியமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கடைகளில் ஊற்றிக் கொடுத்தது என்ன? நல்ல பார்டெண்டர்கள் பலர் கப்பல் ஏறிவிட்டார்கள். ஹாரி கிராடாக் என்பவர் லண்டன் சவாய் ஹோட்டலுக்குப் போய்ப் பேர் வாங்கினார். இன்னும் சிலர் ஹவானா, பாரிஸ் என்று போய்விட்டார்கள். ஊரில் மிஞ்சியது தொட்டியில் கலக்கிய ஜின்னும் தொழிற்சாலைகளிலிருந்து திருடி வந்த ஸ்பிரிட்டும். அந்த நாற்றத்தை மறைக்கத்தான் தேன், எலுமிச்சை, சர்க்கரை எல்லாம். திருட்டு நடக்கிறது என்று தெரிந்து, 1926-இன் கடைசியில் தொழிற்சாலை ஸ்பிரிட்டில் மெத்தனாலின் அளவைக் கூட்டச் சொன்னது அரசாங்கமே. கிறிஸ்துமஸ் நேரத்தில் நியூயார்க் மருத்துவமனைகளுக்கு ஆட்கள் வரிசையாக வந்தார்கள். நகரத்தின் தலைமை மரண விசாரணை மருத்துவர் சார்லஸ் நாரிஸ், இது தெரிந்தே விஷம் வைப்பது என்று வெளிப்படையாகக் கண்டித்தார். சாகிறவர்களில் பெரும்பாலோர் நல்ல சரக்கு வாங்க வசதியில்லாத ஏழைகள் என்றும் சொன்னார். மெத்தனால் என்ற சொல்லை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் போனது அதனால்தான். அதனால் ரகசிய பார் என்றதும் 1920-களின் தொப்பியையும் ஜாஸ் இசையையும் காட்டி மயக்கும்போது எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும்.

நம் பக்கமும் இது நடந்ததுதான். அமெரிக்கா மதுவிலக்கைக் கைவிட்டு நான்கு வருடம் கழித்து, 1937-இல் ராஜாஜி சேலம் ஜில்லாவில் ஆரம்பித்தார். 1948-இல் அது சென்னை மாகாணம் முழுக்க வந்தது. பம்பாயில் 1949-இல் சட்டம் வந்ததும் 'ஆன்ட்டி' வீடுகள் முளைத்தன. பாந்த்ரா பக்கம் கோவாக்காரப் பெண்கள் தங்கள் வீட்டு முன்னறையிலேயே காய்ச்சிய சரக்கைக் கிளாஸில் ஊற்றிக் கொடுத்தார்கள். சுவரில் ஏசு படம், தட்டில் அவித்த முட்டை. அனுமதிச் சீட்டு உள்ளவர்கள் குடிக்கும் இடம் என்ற பொருளில் வந்த 'பர்மிட் ரூம்' என்ற பலகையை மும்பையில் இன்றைக்கும் பார்க்கலாம். அந்த ஆன்ட்டி வீடுகளின் பெயரைச் சொல்லி ஃபிரிட்ஜ் கதவு வைத்தவர்கள் எனக்குத் தெரிந்து யாரும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம் ஃபிரிட்ஜ் கதவு எங்கிருந்து வந்தது? 1993-இல் நியூயார்க்கின் ஈஸ்ட் வில்லேஜில், ஒரு ஜப்பானிய உணவகத்தின் உள்ளே, பெயர்ப்பலகை இல்லாத கதவுக்குப் பின்னால் 'ஏஞ்சல்ஸ் ஷேர்' என்று ஒரு பார் திறந்தது. நடத்தியவர் டோனி யோஷிடா. நான்கு பேருக்கு மேல் கூட்டமாக வரக்கூடாது. நின்றுகொண்டு குடிக்கக்கூடாது, இடம் இருந்தால் உட்காரலாம், இல்லாவிட்டால் திரும்பிப் போக வேண்டியதுதான். இது டோக்கியோ பார்களின் வழக்கம். அங்கே அடிக்கடி போய் வந்தவர் சாஷா பெட்ராஸ்கி என்ற இளைஞர். 1999 டிசம்பர் 31 இரவு, எல்ட்ரிட்ஜ் தெருவில் 'மில்க் அண்ட் ஹனி' என்ற தன்னுடைய பாரைத் திறந்தார். அதிலும் பலகை கிடையாது. தொலைபேசி எண்ணை எந்தப் புத்தகத்திலும் போடவில்லை. தெரிந்தவர் சொல்லித்தான் போக முடியும்.

அப்போது அமெரிக்காவில் மதுவிலக்கு போய் அறுபத்தாறு வருடம் ஆகியிருந்தது. எந்தப் போலீஸும் துரத்தவில்லை. அந்தத் தெருவில் ஆட்கள் குடியிருந்தார்கள், அவ்வளவுதான். அவர்களுக்குத் தொந்தரவு இருக்காது என்று கட்டட உரிமையாளரிடம் வாக்குக் கொடுத்துத்தான் அவர் இடத்தையே பிடித்தார். விளம்பரம் செய்தால் கூட்டம் வரும். கூட்டம் வந்தால் சத்தம் வரும், சத்தம் வந்தால் புகார் வரும். அதனால்தான் ஒளித்து வைத்தார். இன்றைக்கு உலகம் பூராவும் நாம் பார்க்கிற ரகசியக் கதவுகளுக்கு நேரடிப் பாட்டன் மதுவிலக்குக் காலத்துச் சிகாகோ தாதா ஆல் கபோன் இல்லை, மாடி வீட்டுக்காரர்தான்!

பெட்ராஸ்கி தன் பாருக்குச் சில விதிகள் எழுதி வைத்திருந்தார். பிரபலங்களின் பெயரைச் சொல்லிப் பீற்றாதே. கூச்சல் போடாதே. ஆண்கள் தாங்களாகப் போய்ப் பெண்களிடம் அறிமுகம் செய்துகொள்ளக்கூடாது. உன் வீட்டில் தனியாக விட்டுவிட்டுப் போகும் அளவுக்கு நம்பிக்கை இல்லாத ஆளை இங்கே கூட்டி வராதே. எனக்குப் பிடித்தது கடைசி விதி: வெளியே போகும்போது சத்தமில்லாமல் சட்டென்று போய்விடுங்கள், எதிர்வரிசையில் ஆட்கள் தூங்குகிறார்கள், அடுத்து எங்கே போவது என்று பேசுவதையும் விடைபெறுவதையும் உள்ளேயே முடித்துக்கொள்ளுங்கள்.

நாம் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, "அப்போ வரட்டுமா?" என்று ஆரம்பித்து, கேட் பக்கம் இன்னொரு அரை மணி நேரம் நிற்கிற ஆட்கள். நமக்கு இந்த விதி கொஞ்சம் கஷ்டம்தான். பெட்ராஸ்கி 2015-இல் சின்ன வயதிலேயே இறந்துவிட்டார். அவரிடம் வேலை பார்த்தவர்களும் அவர் வழியில் கற்றவர்களும் ஊர் ஊராகப் பார் திறந்திருக்கிறார்கள்.

கதவு மட்டும் தனியாகப் பிரபலம் ஆனது 2007-இல். ஈஸ்ட் வில்லேஜிலேயே ஹாட் டாக் விற்கும் கடை ஒன்றில் ஒரு டெலிபோன் பூத். உள்ளே நுழைந்து ரிசீவரை எடுத்தால் பின்பக்கச் சுவர் திறக்கும். பாரின் பெயர் 'பிடிடி'. யாரிடமும் சொல்லாதே என்பதன் சுருக்கம். சொல்லாதே என்று சொன்னால் என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியாதா? அதற்குப் பிறகு பூக்கடை, முடிதிருத்தும் கடை, புத்தக அலமாரி என்று எல்லாவற்றுக்கும் பின்னால் பார் வந்துவிட்டது. புவனஸ் அயர்ஸில் 2013-இல் பூக்கடைக்குக் கீழே திறந்த 'ஃப்ளோரேரியா அட்லாண்டிகோ' இதில் நல்ல வகை. ஷாங்காயில் பார் சாமான்கள் விற்கும் கடைக்குப் பின்னால் 2014-இல் 'ஸ்பீக் லோ'வைத் திறந்தவர் ஷிங்கோ கோகன். இவர் 'ஏஞ்சல்ஸ் ஷேர்' பாரில் வேலை பார்த்தவர். ஜப்பானிலிருந்து நியூயார்க் போன வழக்கம் இன்னொரு ஜப்பானியர் கையால் ஆசியாவுக்குத் திரும்பிவிட்டது. சிங்கப்பூர் போகிறவர்களுக்கு ஒன்று: '28 ஹாங்காங் ஸ்ட்ரீட்' என்ற பாருக்கு அந்த முகவரியேதான் பெயர். வெளியே பலகையைத் தேடாதீர்கள், கதவு எண்ணைத் தேடுங்கள்.

எல்லாம் நன்றாக இருந்துவிடவில்லை. ஒரு ஊரில், பெயர் வேண்டாம், புத்தக அலமாரிக் கதவு வைத்த இடத்துக்குப் போனேன். ரகசியச் சொல்லை அவர்களே இன்ஸ்டாகிராமில் போட்டிருந்தார்கள். ஒன்றரை மணி நேரம் தெருவில் நின்றோம். உள்ளே போனால் ஸ்பீக்கர் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் காதில் கத்த வேண்டியிருந்தது. பெயர் மட்டும் மெல்லப் பேசு. கொடுத்த பானத்தில் பாதி ஐஸ் கரைந்த தண்ணீர்.

ஐஸ் என்றதும் கின்சா ஞாபகம் வருகிறது. டோக்கியோவில் அந்தப் பகுதியில் பார்கள் பல அடுக்குக் கட்டடங்களின் ஐந்தாவது, ஆறாவது மாடியில் இருக்கும். யாரும் ஒளித்து வைக்கவில்லை, இடமே அப்படித்தான். லிஃப்டுக்குப் பக்கத்தில் பெயர்ப்பட்டியல் இருக்கும், ஜப்பானிய எழுத்தில். நானும் என் நண்பரும் எண்ணி ஒன்பது இருக்கை மட்டும் உள்ள ஓர் இடத்தில் போய் உட்கார்ந்தோம். உட்கார்ந்தாலே ஒரு கட்டணம் உண்டு, பில்லைப் பார்த்து அதிர்ச்சி அடைய வேண்டாம். சூடான ஈரத்துண்டு வந்தது. அப்புறம் பார்டெண்டர் ஒரு பனிப்பாளத்தை எடுத்து, உள்ளங்கையில் வைத்து, நாம் மாங்காய் சீவுகிற மாதிரி கத்தியால் சீவ ஆரம்பித்தார். மெதுவாக உறைய வைத்த ஐஸ், உள்ளே ஒரு குமிழிகூட இல்லை. பெரிய துண்டு மெதுவாகக் கரையும். பானம் நீர்த்துப் போகாது. கிளாஸில் போட்டு நீளக் கரண்டியால் கலக்கினார். ஐஸ் சுற்றுகிறது, ஆனால் கிளாஸில் மோதுகிற 'டிங்' சத்தம் வரவே இல்லை. எனக்கு இரண்டாவது கிளாஸ் ஒத்துக்கொள்ளாது. அதனால் மது கலக்காமல் யூசு எலுமிச்சையில் ஒன்று கேட்டேன். அதற்கும் அதே ஐஸ், அதே கரண்டி, முகத்தில் அதே கவனம்.

கிளம்பும்போது அவரே லிஃப்ட் வரை வந்தார். கதவு மூடும்வரை குனிந்தபடி நின்றார். நாங்களும் மரியாதையாகக் குனிந்தோம். கீழே இறங்கித் தெருவில் கால் வைத்ததும் என் நண்பர் இரண்டு கையையும் தூக்கி, "டாக்ஸீ..." என்று போட்ட சத்தத்தில் எதிர்க் கட்டடத்தில் ஒரு விளக்கு எரிந்தது.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். கேள்வி ஏதாவது இருந்தால் இங்கேயே கேட்டுவிடுங்கள், வாசலில் வேண்டாம்.