தடைக்காலத்துல சுகர் ஏன் ஏறுது? பாம்பன் கரையில பேசினது

எல்லாருக்கும் வணக்கம். பின்னாடி நிக்கிற அக்காமாரு முன்னுக்க வந்து உக்காருங்க, அங்கன ஃபேன் காத்து வராது.

"நான் சீனியே தொடுறதில்ல, டீ கூட சீனி போடாமத்தான் குடிக்கேன், அப்புறம் எப்படி சுகர் 280 காட்டுது"ன்னு இந்தக் கரையில கேக்காத ஆளே இல்ல. இன்னைக்கு அதுக்குத்தான் பதில் சொல்ல வந்திருக்கேன். விசைப்படகுக்கு ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடை, இந்த 61 நாளும் வலை இழுத்த கை சும்மா கெடக்கு, ஆனா தட்டுல விழுற சோறு மட்டும் அப்படியே இருக்கு, அதனால இந்த நேரத்துல பேசுனாத்தான் உள்ள ஏறும்னு பட்டுச்சு.

சோறு, இட்லி, பரோட்டா எது தின்னாலும் அது குளுக்கோஸாத்தான் ரத்தத்துக்கு வரும். அத சதைக்குள்ள அனுப்புறதுக்குக் கணையத்துல இன்சுலின் சுரக்கும். டைப் டூ சுகர்ல ஆரம்பத்துலயே இன்சுலின் வத்திப் போறதில்லங்க, நெறைய பேருக்கு வழக்கத்த விடக் கூடவே சுரக்கும், ஆனா ஒடம்பு அதுக்கு மசியாது, இதத்தான் இன்சுலின் ரெசிஸ்டன்ஸ்ங்கிறாங்க. ஐஸ் பெட்டி எல்லாம் நெறஞ்சு கெடக்கும்போது சுமை தூக்க இன்னும் பத்து ஆள விட்டாலும் மீனு மணல்லதான கெடக்கும்? அப்படித்தான் இதுவும், ஈரல்லயும் சதையிலயும் கொழுப்பு அடைஞ்சு போச்சுன்னா எவ்வளவு இன்சுலின் வந்தாலும் சர்க்கரை ரத்தத்துலயே நிக்கும், கணையமும் வருஷக்கணக்கா கூடுதலா சுரந்து சுரந்து ஓஞ்சு போகும். ஒல்லியா இருக்கவங்களும் தப்பிச்சோம்னு நெனைக்காதீங்க, நம்ம ஆளுகளுக்குக் கையி காலு மெலிஞ்சு இருந்தாலும் வயித்துல கொழுப்பு சேரும். இடுப்புச் சுத்தளவு ஆம்பளைக்கு 90 சென்டிமீட்டர், பொம்பளைக்கு 80, அதத் தாண்டுச்சுன்னா கவனிக்கணும்.

அடுத்து கருப்பட்டி. கருப்பட்டி ஒண்ணும் செய்யாதுன்னு சொல்லிச் சொல்லியே எத்தன பேருக்குக் கண்ணும் காலும் போயிருக்கு. எனக்கு இதுல ரொம்ப வருத்தம். சாயல்குடிப் பக்கத்துப் பனங்கருப்பட்டியா இருந்தாலும் அதுல முக்கால்வாசிக்கு மேல சர்க்கரைதான். ஒரு டம்ளர் பதநீர்ல நாலஞ்சு ஸ்பூன் சர்க்கரை இருக்கும். கீழக்கரை தொதல் அல்வா பத்தி சொல்லவே வேணாம், நோம்பு பெருநாளைக்கு ஒரு சின்னத் துண்டு வாயில போட்டுக்கிட்டு நிறுத்திக்குங்க.

கடல்பாசி எடுக்கப் போற ஒரு அக்காகிட்ட, நீங்க சாப்பிடுற மாதிரியே போட்டுக் காட்டுங்கன்னு நான் கேட்டதுக்குத் தட்டு நெறைய சோத்தக் குமிச்சு நடுவுல குழி பறிச்சுக் குழம்ப ஊத்தி ஓரத்துல ரெண்டே ரெண்டு சாளைய வச்சாங்க. மீனெல்லாம் வீட்டுக்காரருக்கும் புள்ளைகளுக்குமாம். அந்தத் தட்டத்தான் மாத்தணும். மொதல்ல மீனையும் காயையும் தின்னுங்க, கடைசியா சோறு, அதுவும் ஒரு சின்னக் கிண்ணம், அதுலயே நாப்பது கிராமுக்கு மேல மாவுச்சத்து இருக்கு. சாளை, சூடை, காரல் எது கெடச்சாலும் குழம்பா வச்சுச் சாப்பிடுங்க, எண்ணெயில முக்கிப் பொரிக்காதீங்க, தடைக்காலத்துல மீன் வெல ஏறிக் கெடந்தா முட்டை, பாசிப்பயறு, சுண்டல் போதும். கருவாட்ட மட்டும் கொறைங்க, பிரஷர் இருக்கவங்களுக்கு அந்த உப்பு ஆகாது.

ராத்திரி தின்னுட்டு அப்படியே கட்டில்ல சாயாம பதினஞ்சு நிமிஷம் நடங்க. சதை வேல செய்யும்போது இன்சுலின் தயவு இல்லாமலே சர்க்கரைய இழுத்துக்கும், நம்ம கையில இருக்க பெரிய மருந்தே அதுதான். கடல்ல இருக்கும்போது சும்மாவே நடந்துக்கிட்டிருந்த இந்த வேலதான் இப்ப நின்னு போயிருக்கு.

இந்த அடைஞ்ச கொழுப்பு கரையுமான்னு கேப்பீங்க. கரையும். பிரிட்டன்ல டைரக்ட்னு ஒரு ஆய்வு, 2017ல வெளிவந்துச்சு, சுகர் வந்து ஆறு வருஷத்துக்குள்ள இருந்தவங்களுக்குச் சில மாசம் சாப்பாட்ட ரொம்பக் கொறச்சு எடையக் கொறைக்க வச்சாங்க, ஒரு வருஷத்துல 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே சுகர் கட்டுக்குள்ள வந்துச்சு. ஆனா அது டாக்டர் பக்கத்துல இருந்து பாத்துப் பாத்துச் செஞ்சது. நீங்களா மாத்திரைய நிறுத்தக் கூடாது, க்ளிமிபிரைடு மாதிரி சுகர் மாத்திரையோ இன்சுலின் ஊசியோ போட்டுக்கிட்டுச் சோத்தத் திடீர்னு கொறச்சா லோ சுகர் ஆகி வேர்த்துக் கொட்டி மயங்கி விழுந்துருவீங்க, நோம்பு வைக்கிறவங்களும் முன்னாடியே டாக்டர்கிட்ட கேட்டு டோஸ மாத்திக்கணும்.

மாத்திரைக் கவரக் கொண்டாந்தவங்க போயிராதீங்க, ஒவ்வொருத்தரா இந்த மேசைக்கு வாங்க, எது சாப்பாட்டுக்கு முன்னாடி எது பின்னாடின்னு எழுதித் தாரேன்.