அட்டையில் மூன்று பெண்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

நான் இன்று பேசப்போகும் பிரிட்டிஷ் போர்க்கால நாவல்களை அட்டையைப் பார்த்தே அடையாளம் கண்டுகொள்ளலாம். மூன்று இளம்பெண்கள் கைகோத்தபடி நம்மைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நடந்து வருவார்கள். ஒருத்தி நர்ஸ் உடையில் இருப்பாள். இன்னொருத்தி தலையில் துணி கட்டி, தொழிற்சாலைக்குப் போகும் கோலத்தில். மூன்றாமவள் எப்போதும் கொஞ்சம் கவலையோடு. பின்னால் வரிசையாகச் செங்கல் வீடுகள், வானத்தில் சின்னதாக ஒரு விமானம். உள்ளே நானூறு பக்கம் இருக்கும். படித்து முடித்தபிறகுதான் அது முதல் பாகம் மட்டுமே என்று தெரியவரும்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்து பிரிட்டனில், போர்முனைக்குப் போகாமல் ஊரிலேயே இருந்த பெண்களின் கதைகள் இவை. ஒரு தெருவையோ, ஒரு தொழிற்சாலையையோ, ஒரு தங்கும் விடுதியையோ பிடித்துக்கொண்டு பாகம் பாகமாகப் போகும். எழுதுகிறவர்களும் படிக்கிறவர்களும் பெரும்பாலும் பெண்கள். இலக்கிய விமர்சகர்கள் இந்தப் பக்கம் அதிகம் எட்டிப்பார்ப்பதில்லை. நூலகங்களில் கதையே வேறு. இந்த வகைக் குடும்பக் கதைகளுக்கு வழி போட்டவர்களில் ஒருவரான கேதரின் குக்சன்தான், 1980களிலும் 1990களிலும் பிரிட்டனின் பொது நூலகங்களில் ஆண்டுக்கு ஆண்டு மிக அதிகமாக இரவல் வாங்கப்பட்ட எழுத்தாளர்.

பொழுதுபோக்குக்காகத்தான் நானும் படிக்கிறேன், அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனால் பிடித்துப்போனதற்குக் குறிப்பான காரணம் ஒன்று உண்டு. நட்பைப் பற்றிய கதைகள் பொதுவாக, மனம் ஒத்த இரண்டு பேர் சந்தித்தார்கள் என்று தொடங்கும். இவற்றில் கொஞ்சமும் ஒத்துவராதவர்களைக் கொண்டுவந்து ஒரே அறையில் போட்டுவிடுகிறது அரசாங்கம். சண்டை போட்டுக்கொண்டே பழகுகிறார்கள்.

அரசாங்கம் என்று சும்மா சொல்லவில்லை. 1941 டிசம்பரில் பிரிட்டன் ஒரு சட்டம் போட்டது. 20 முதல் 30 வயது வரையுள்ள மணமாகாத பெண்களும், பிள்ளைகள் இல்லாத விதவைகளும் போர்க்காலப் பணிக்குக் கட்டாயம் வரவேண்டும். ராணுவத்தின் பெண்கள் பிரிவு, தொழிற்சாலை என்று ஏதாவது ஒன்று. வீட்டில் பொறுப்பு இல்லாதவள் என்றால் எந்த ஊருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். ஆக, அம்மா வீட்டை விட்டு ஒரு நாள் வெளியே தங்கியிராத பெண், முன்பின் தெரியாத ஊரில், முன்பின் தெரியாத ஒருத்திக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கிறாள். நாவலாசிரியருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? வக்கீல் மகளும் மீன்கடைக்காரர் மகளும் எப்படிச் சந்தித்தார்கள் என்று தற்செயல்களைத் தேடி அலைய வேண்டியதில்லை.

நல்ல எழுத்தாளர் யார், சுமாரானவர் யார் என்பதை வேலை செய்யும் காட்சிகளை வைத்தே நான் முடிவு செய்வேன். வெடிமருந்து ஆலைக் கதைகளை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே போகும் முன் ஒரு மாற்று அறை இருக்கும். தரையில் ஒரு தடுப்பு. இந்தப் பக்கம் வெளியுலகம், அந்தப் பக்கம் மருந்து இருக்கும் பகுதி. இந்தப் பக்கத்துச் செருப்பு அந்தப் பக்கத்துத் தரையில் படக்கூடாது. தலையில் ஒரு ஹேர்பின் இருக்கக்கூடாது. தீப்பெட்டி, சிகரெட் பேச்சுக்கே இடமில்லை. உலோகத்தில் உரசி ஒரு பொறி பறந்தால் போதும், கட்டடமே இருக்காது. கல்யாண மோதிரத்தைக் கழற்ற மனமில்லாதவர்கள் அதன்மேல் நாடா சுற்றிக்கொண்டு போவார்கள். மருந்து பட்டுப்பட்டுத் தோலும் தலைமுடியும் மஞ்சளாகிவிடும். இதையெல்லாம் தெரிந்த எழுத்தாளர், காலை ஷிப்டில் ஒருத்தி தோழியின் விரலில் நாடா சுற்றிவிடும் இடத்திலேயே பாதிக் கதையைச் சொல்லிவிடுவார். அவள் புருஷன் எங்கே இருக்கிறான், கடிதம் வந்ததா, வரவில்லையா, எல்லாம் அந்த அரை நிமிஷத்தில் வந்துவிடும். தெரியாதவர் அவளைத் தொழிற்சாலைக்குள் அனுப்பிவிட்டு, மாலையில் நடன அரங்குக்குக் கூட்டிப்போய்விடுவார். விமானப்படைக்காரன் ஒருவன் அங்கே தயாராக நிற்பான்.

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் இருக்கும் சண்டர்லேண்ட் கப்பல் கட்டிய ஊர். அங்கே பெண்கள் வெல்டிங் வேலை செய்தார்கள், கொதிக்கக் கொதிக்க வரும் ரிவெட் ஆணிகளைப் பிடித்துக் கொடுத்தார்கள். ஆற்றங்கரைக் குளிர்காற்றில், ஆண்கள் மட்டுமே இருந்த ஓர் இடத்தில். விவசாயப் படையில் சேர்ந்த நகரத்துப் பெண்கள், நிஜ மாட்டைத் தொடுவதற்கு முன், ரப்பர் காம்பு வைத்த பொம்மை மடியில் பால் கறந்து பழகினார்கள். இதைப் படித்து வாய்விட்டுச் சிரித்திருக்கிறேன்.

அப்புறம் கல்யாணங்கள். இந்த நாவல்களில் பாகத்துக்கு ஒரு கல்யாணமாவது இல்லாமல் இருக்காது. ஆனால் 1940இல் கேக்கின் மேல் சர்க்கரைப் பூச்சு போடுவதையே அரசாங்கம் தடை செய்துவிட்டது. கேக் செய்பவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? காகித அட்டையில் மூன்றடுக்குக் கேக் மாதிரி ஒரு கூடு செய்து, வெள்ளை பூசி வாடகைக்கு விட்டார்கள். போட்டோ எடுத்தபிறகு கூட்டைத் தூக்கினால், அடியில் உள்ளங்கை அகலத்துக்கு நிஜக் கேக் இருக்கும். அதற்கான உலர்ந்த திராட்சை, சர்க்கரை, முட்டையெல்லாம் தெருவே கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தது. வாரத்துக்கு ஒரு முட்டை கிடைத்த காலத்தில் அந்த முட்டையைப் பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்குக் கொடுப்பது லேசான விஷயமில்லை. துணிக்கும் 1941 ஜூனிலிருந்து ரேஷன்தான். முதல் வருஷம் ஆளுக்கு 66 கூப்பன். ஒரு கம்பளி கவுனுக்கே 11 போய்விடும். ஆகவே ஒரே கல்யாண கவுனைப் பிரித்துத் தைத்து, இறுக்கி, தளர்த்தி நாலைந்து மணப்பெண்கள் உடுத்துவார்கள். இந்த நட்பை விளக்க ஆசிரியர் ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை. யார் எதைக் கொடுத்தாள், யார் கொடுக்காமல் ஒளித்து வைத்தாள் என்று சொன்னாலே போதும்.

துக்கமும் அப்படித்தான் வரும், சைக்கிளில். தந்திப் பையன் தெருமுனையில் திரும்பியதும் ஜன்னல் திரைகள் அசையும். நம் வீட்டைத் தாண்டிப் போய்விட வேண்டுமே என்று எல்லோரும் வேண்டிக்கொள்வார்கள், அவன் தாண்டிப் போனால் அது யாரோ ஒரு தோழியின் வீடு என்று தெரிந்தே. நம் ஊரிலும் தந்தி என்றாலே அடிவயிறு கலங்கிய காலம் இருந்ததால், இந்தக் காட்சிக்கு நமக்கு அடிக்குறிப்பு தேவைப்படாது.

நிஜ சம்பவங்களையும் கதைக்குள் கொண்டுவருவார்கள். கிழக்கு லண்டனில் பெத்னல் கிரீன் என்ற இடம். கட்டி முடிக்கப்படாத சுரங்க ரயில் நிலையத்தை மக்கள் குண்டுவீச்சுக்கு ஒதுங்குமிடமாக வைத்திருந்தார்கள். மேலே இருந்த நூலகம் குண்டில் சேதமானபிறகு, தண்டவாளப் பாதைக்கு மேலே பலகை அடித்து, அந்தச் சுரங்கத்திலேயே ஒரு நூலகம் நடத்தினார்கள். அதே நிலையத்தில்தான் 1943 மார்ச் 3 இரவு, இருட்டிலும் ஈரத்திலும் படிக்கட்டில் யாரோ தடுக்கி விழ, பின்னால் வந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து 173 பேர் மூச்சுத் திணறி இறந்தார்கள். அன்று அங்கே ஒரு குண்டுகூட விழவில்லை. உண்மையில் என்ன நடந்தது என்று 1945 வரை அரசாங்கம் வெளியே விடவில்லை. இந்த இரவை எழுதும்போது, விபத்தைவிட அதற்கு அடுத்த நாள்களே எனக்கு முக்கியமாகப் படுகின்றன. பேசக்கூடாது என்ற உத்தரவு ஒரு பக்கம். பிள்ளையைப் பறிகொடுத்தவளின் அடுப்படியில் போய் ஒன்றும் பேசாமல் பாத்திரம் கழுவித் தரும் சிநேகிதி இன்னொரு பக்கம்.

இதெல்லாம் பின்னால் வந்தவர்கள் இனிப்புத் தடவிச் சொன்னதுதானே என்று கேட்கலாம். கொஞ்சம் உண்மைதான். அதனால்தான் இவற்றோடு நெல்லா லாஸ்ட் எழுதிய நாட்குறிப்பையும் சேர்த்துப் படிக்கச் சொல்வேன். பாரோ-இன்-ஃபர்னஸ் என்ற கப்பல் கட்டும் ஊரில் இருந்த இல்லத்தரசி. மக்களின் அன்றாட வாழ்க்கையைப் பதிவு செய்த ஓர் ஆய்வு அமைப்புக்காக 1939இல் எழுதத் தொடங்கியவர். தொண்டுப் பெண்களோடு சேர்ந்து வேலை செய்யப் போனபிறகு அவர் மாறிக்கொண்டே போவதைப் பக்கத்துக்குப் பக்கம் பார்க்கலாம். இத்தனை வருஷம் புருஷனுக்கு அடங்கி நடந்தோமே என்ற கோபம் அதில் வெளிப்படையாகவே இருக்கிறது. நாவல்கள் அந்தக் கோபத்தைப் பாதியாகக் குறைத்துத்தான் தருகின்றன.

எனக்கு இரண்டு குறைகள் உண்டு. முதலாவது தேநீர். இந்தக் கதைகளில் பத்துப் பக்கத்துக்கு ஒருமுறை யாராவது கெட்டிலை அடுப்பில் வைப்பார்கள். 1940 ஜூலையிலிருந்து தேயிலைக்கும் ரேஷன். ஆளுக்கு வாரத்துக்கு இரண்டு அவுன்ஸ், அதாவது ஏறக்குறைய 57 கிராம். போட்ட தூளையே மறுபடி கொதிக்கவிட்டு, தோழிகள் ஒரு பானையைச் சுற்றி உட்காருவார்கள். அந்தத் தூளில் ஒரு பங்கு இலங்கை மலையகத்தில் தமிழ்ப் பெண்கள் கிள்ளிப் போட்டது. அவர்களுக்கும் அது போர்க்காலம்தான். நான் படித்த எந்தப் பாகத்திலும் அந்தக் கைகளைப் பற்றி ஒரு வரி இல்லை. சண்டர்லேண்ட் பெண்ணுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை, சரி. இன்றைக்கு எழுதுகிறவருக்குத் தெரியுமே.

இரண்டாவது குறை, பல தொடர்கள், ஐரோப்பாவில் போர் முடிந்ததைக் கொண்டாடிய 1945 மே மாதத்துத் தெரு விருந்தோடு கடையைக் கட்டிவிடுவது. கொடி, தோரணம், முத்தம், முற்றும். ஆனால் போர் முழுக்க ரேஷனுக்கு வராத ரொட்டி, 1946இல்தான் ரேஷனுக்கு வந்தது. கடைசி ரேஷன் நீங்கியது 1954 ஜூலையில். இடையில் பிள்ளைகள் காப்பகங்கள் பல மூடப்பட்டன. வெல்டிங் செய்த பெண்ணிடம் வீட்டுக்குப் போ என்றார்கள். திரும்பி வந்த புருஷன் அவளுக்குப் புதுமனிதன், அவனுக்கு அவளும் அப்படியே. ஒரே ஷிப்டில் நின்றவர்கள் இப்போது தனித்தனி வீடுகளில். அந்த நட்பு என்ன ஆயிற்று என்று சொல்லும் தொடர்கள் குறைவு. கிடைத்தால் நான் முதலில் எடுப்பது அவற்றைத்தான்.

ஆரம்பிக்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நடுப்பாகத்தில் ஏறாதீர்கள், யார் பிள்ளை யாரிடம் வளர்கிறது என்றே புரியாது. முதல் பாகத்தில் நாற்பது பக்கம் படித்துப் பாருங்கள். அதற்குள் யாரும் ஒரு நாள் முழுக்க வேலை செய்யவில்லையென்றால், மூடிவைத்துவிட்டு வேறொன்றை எடுங்கள்.

நன்றி, வணக்கம்.