கணைக்கால் எலும்பு முறிவு: கம்பியா, தகடா, வெளிச்சட்டமா?

[காட்சி: முழங்கால் முதல் கணுக்கால் வரையிலான எலும்பின் வரைபடம்]

கணைக்கால் எலும்பின் உட்பக்கத்தில் தசை கிடையாது. தோலுக்கு அடியிலேயே எலும்பு தட்டுப்படும். உடைந்த முனை தோலைக் கிழித்துக்கொண்டு வெளிவருவதும், அறுவைக் காயம் ஆறத் தாமதமாவதும் இங்கே அதிகம் நிகழ்வதற்கு அதுவே காரணம். ஆகவே எந்த உலோகம் வலிமையானது என்பதைக் காட்டிலும், முறிவு எந்த இடத்தில் இருக்கிறது, மேலுள்ள தோல் எந்த நிலையில் இருக்கிறது என்பவையே தேர்வைப் பெரும்பாலும் முடிவு செய்கின்றன.

[காட்சி: மஜ்ஜைக் குழிக்குள் இறங்கும் கம்பி]

பெரியவர்களுக்கு எலும்பின் நடுப்பகுதி முறிந்தால், முழங்கால் பக்கமாக மஜ்ஜைக் குழிக்குள் ஒரு கம்பியைச் செலுத்தி, அது சுழலாமலும் எலும்பு குறுகாமலும் இருக்க மேலும் கீழும் குறுக்கே ஸ்க்ரூ போடுவது வழக்கம். ஜெர்மனியின் அறுவை மருத்துவர் கெர்ஹார்ட் குன்ட்ஷர் 1940-இல் மருத்துவ உலகுக்கு அறிவித்த முறையிலிருந்து வளர்ந்தது இது. பெரும்பாலும் முறிந்த இடத்தைத் திறக்க வேண்டியதில்லை. கம்பி எலும்பின் நடுவிலேயே நின்று சுமையைப் பகிர்ந்துகொள்வதால், பலரால் சீக்கிரமே கால் ஊன்ற முடிகிறது. ஆனால் மண்டியிடும்போது முழங்காலின் முன்புறம் வலிப்பது பலருக்கும் நீடிக்கிறது. தரையில் அமர்ந்து பழகியவர்களிடம் இதை அறுவைக்கு முன்பே சொல்லிவிட வேண்டும் என்பது என் கருத்து. கம்பியை எடுத்துவிட்டாலும் அந்த வலி எல்லோருக்கும் மறைவதில்லை.

குழியைத் துளைத்து அகலப்படுத்திவிட்டுக் கம்பியைப் போட வேண்டுமா என்ற நெடுநாள் விவாதத்தை, 1,200-க்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து 2008-இல் வெளியான ஸ்பிரின்ட் ஆய்வு ஓரளவு தெளிவாக்கியது: தோல் கிழியாத முறிவுகளில் அகலப்படுத்துவது பயனளித்தது, திறந்த முறிவுகளில் அந்தப் பயன் தென்படவில்லை.

[காட்சி: கணுக்காலுக்குச் சற்று மேலே முறிவு, தகடு]

கணுக்காலை நெருங்க நெருங்க, குழி புனலின் வாயைப் போல விரிவதால் கம்பிக்குப் பிடிமானம் குறைகிறது. அங்கே எலும்பின் மேல் பொருத்தும் லாக்கிங் தகடு கைகொடுக்கும். அதன் ஸ்க்ரூக்கள் தகட்டின் துளைகளிலேயே மரையிட்டு இறுகிவிடுகின்றன. ஆனால் அதன் மேலே இருப்பது மெல்லிய தோல் மட்டுமே. பிரிட்டனில் 321 பேரிடம் கம்பி, தகடு இரண்டையும் ஒப்பிட்டு 2017-இல் வெளியான ஃபிக்ஸ்-டிடி ஆய்வில், ஆறாம் மாத இயலாமை அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. முறிவு மூட்டுக்குள் நீண்டிருந்தால், பொதுவாகத் தகடே தேர்வாகிறது.

[காட்சி: காலைச் சுற்றிய வளையச் சட்டம்]

மண் படிந்த திறந்த காயங்களிலும், தோல் மிகவும் வீங்கியிருக்கும்போதும், முதலில், தோல் வழியே எலும்பில் செருகிய உலோக ஊசிகளைக் காலுக்கு வெளியே பிணைத்து நிறுத்தும் வெளிச்சட்டம் பொருத்தித் தோல் தேறும்வரை காத்திருப்பதுண்டு. ஊசி நுழையும் இடங்களில் தொற்று ஏற்படக்கூடும் என்பதால் தினசரிப் பராமரிப்பு தேவை. எலும்பின் ஒரு பகுதியே இழக்கப்பட்டிருந்தால், ரஷ்யாவின் குர்கான் நகரில் மருத்துவர் இலிசரோவ் உருவாக்கிய வளையச் சட்டம் புதிய எலும்பை வளர்த்து அந்த இடைவெளியை நிரப்ப உதவுகிறது.

வளரும் குழந்தைகளுக்கு முழங்கால் அருகிலுள்ள, எலும்பு நீளக் காரணமான வளர்ச்சித் தட்டைத் துளைக்கக் கூடாது என்பதால், அறுவை தேவைப்பட்டால், அதற்குக் கீழே பக்கவாட்டில் வளையும் தன்மையுள்ள மெல்லிய கம்பிகளைச் செலுத்துகிறார்கள்.