தாயைக் கொன்றவர் துயரின்றிப் போகிறாரா? தம்மபதம் 294

[திரை: பாலி வரிகள் ஒவ்வொன்றாக எழுகின்றன]

"மாதரம் பிதரம் ஹந்த்வா..." தாயையும் தந்தையையும் கொன்று, க்ஷத்திரிய அரசர் இருவரைக் கொன்று, நாட்டை அதன் அதிகாரியோடு அழித்துவிட்டு, பிராமணன் (இங்கே, விடுதலை பெற்ற துறவி) துயரின்றிப் போகிறான். சொன்னவர் புத்தர்; அவர் வாக்குகளின் பாட்டுத் தொகுப்பான தம்மபதத்தில் 294ஆம் பாட்டு இது.

[திரை: இரவில் புத்தரைக் காண வரும் மகத அரசன் அஜாதசத்துரு]

உள்ளபடியே எடுத்துக்கொள்ள வழியில்லை. பெற்றோரைக் கொல்வது பௌத்தத்தின் மிகக் கொடிய ஐந்து வினைகளில் சேரும். தந்தை பிம்பிசாரனைக் கொன்ற அஜாதசத்துரு அறம் கேட்டுத் திரும்பியதும், 'அந்தக் கொலை இல்லையென்றால் அமர்ந்த இடத்திலேயே அவனுக்கு அறக்கண் (உண்மையைக் காணும் பார்வை) திறந்திருக்கும்' என்கிறார் இதே புத்தர்.

[திரை: ஜேதவனம், புத்தர் தங்கிய மடம்]

தம்மபதத்தின் பழைய பாலி உரை சொல்லும் கதை இது. வெளியூர்ப் பிக்குகள் வந்திருக்கிறார்கள். லகுண்டக பத்தியர் அந்தப் பக்கம் கடந்து போகிறார். ஆள் குள்ளம்; குரலினிமையில் பிக்குகளில் முதல்வர். "அதோ பாருங்கள், தாய் தந்தையைக் கொன்றுவிட்டுத் துயரின்றிப் போகிறார்" என்கிறார் புத்தர். வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள்.

உரை முடிச்சை அவிழ்க்கிறது. தாய், வேட்கை. தந்தை, 'நான்' என்னும் செருக்கு. அரசர் இருவர், இரண்டு கொள்கைகள்: உயிர் என்றும் நிலைக்கும் என்பது ஒன்று, சாவோடு அற்றுப்போகும் என்பது மற்றது. நாடு, (மனத்தையும் சேர்த்து) ஆறு புலன்களும் அவற்றின் ஆறு பொருள்களும். அதிகாரி, அங்கே வரி தண்டுகிறவன். அதாவது புலன்களில் ஊறும் ஆசை. (வரி கட்டி நொந்தவர் எழுதிய உரை போலிருக்கிறது!)

[திரை: தாய், தந்தை, கேள்விக்குறி]

இப்படி எதற்கு எதை வேண்டுமானாலும் பொருத்தலாமே? நியாயமான கேள்வி. தாய்க்குச் சூத்திரத்திலேயே, அதாவது புத்தரின் போதனைகளிலேயே, சான்று இருக்கிறது. சங்யுத்த நிகாயம் என்னும் சூத்திரத் தொகுப்பில் "மனிதனைப் பிறப்பிப்பது எது?" என்று ஒரு தேவன் கேட்க, "வேட்கை" என்கிறார் புத்தர். தந்தைக்கு உரை தரும் காரணம் வேறு மாதிரி: 'நான் இன்ன அரசனின் மகன்' என்று தகப்பன் பேரைச் சொல்லித்தானே செருக்கு வருகிறது! ரசிக்கலாம். ஆனால் இது உரையாசிரியர் தாமே கட்டியது என்றுதான் எனக்குப் படுகிறது.

[திரை: காட்டு வழி, புலியின் கால்தடம்]

அடுத்த பாட்டு, 295, இன்னும் விசித்திரம். நாட்டுக்குப் பதில் அங்கே 'ஐந்தாவதான புலி' கொல்லப்படுகிறது. புலி நடமாடும் வழி போன்றது ஐயம் என்கிறது உரை. இங்கே நான் உரையின் பக்கம். காமம், பகை, சோம்பல், மன அலைச்சல், ஐயம் என்று மனத்தின் ஐந்து தடைகளைச் சூத்திரங்கள் வரிசையாகச் சொல்லும்போது, ஐந்தாவதாக வருவது ஐயமேதான்.