கம்புக்கு முன் காலடி
(பள்ளி விளையாட்டு விழா ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை தாங்கும் தலைமையாசிரியர் அம்மையார் அவர்களே, முன்னிலை வகிக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, அலுவல்களை ஒதுக்கிவைத்து வந்திருக்கும் வட்டாரக் கல்வி அலுவலர் ஐயா அவர்களே, பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர் சகோதரி அவர்களே, பந்தல் போட்டுக் கொடுத்த இளைஞர் மன்றத்துத் தம்பிகளே, உங்கள் அனைவருக்கும் வணக்கம். மேடைக்கு வர மறுத்து, அதோ வேப்பமரத்தடியில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கிற சிலம்ப ஆசான் அவர்களுக்கு என் தனி வணக்கம்.

சிலம்பத்திலிருந்து அன்றாட வாழ்க்கைக்கு எதை எடுத்துக்கொள்ளலாம் என்று பேசச் சொன்னார்கள். காலடி, பார்வை, மூச்சு, கம்போடு வணக்கம் சொல்லும் சலாவரிசை என்று நான்கைப் பேச நினைத்து வந்தேன். முதலில் காலடி.

அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். அடி என்றால் காலால் எடுத்து வைப்பதும் அடிதான், கம்பால் விழுவதும் அடிதான். நல்ல ஆசானிடம் போய்ப் பாருங்கள், முதல் நாளே கையில் கம்பைக் கொடுக்க மாட்டார். காலைத்தான் பழக்குவார். வீட்டிலேயே செய்யலாம். தரையில் சுண்ணாம்பால் ஒரு கூட்டல் குறி போடுங்கள், நடுவிலிருந்து ஒவ்வொரு பக்கமும் 2 அடி நீளம். நடுவில் நின்று முட்டியைச் சற்றே மடக்கி, குதிகாலில் பாரம் ஏற்றாமல், முன், பின், வலம், இடம் என்று ஒவ்வொரு திசைக்கும் ஓர் அடி வைத்து நடுவுக்குத் திரும்புங்கள். வலது காலால் 10 சுற்று, இடது காலால் 10 சுற்று. முதல் வாரம் இவ்வளவுதான்.

இதிலேயே இரண்டு தவறு வரும். கால்கள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும். அந்த நொடியில் ஒருவர் லேசாகத் தள்ளினாலே விழுந்துவிடுவோம். அடுத்தது, ஒவ்வோர் அடிக்கும் தலை ஏறி இறங்கும். சுவரில் நெற்றி உயரத்துக்கு ஒரு கோடு போட்டு, பக்கத்தில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். நெற்றி கோட்டைத் தாண்டினால் முட்டி விறைத்திருக்கிறது என்று பொருள். கம்பு எடுத்த பிறகு வரும் தவறு பிடியில். பயத்தில் இறுக்கிப் பிடித்தால் மணிக்கட்டு பூட்டிக்கொள்ளும், கம்பு சுழலாது. நம் நெற்றி உயரக் கம்பு போதும். அதைவிட நீளமானதை எடுத்தால் தொடக்கக்காரருக்கு நுனி தரையில் இடிக்கும்.

படிப்புக்கும் இதுதான். பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒரே ராத்திரியில் ஐந்து பாடம் புரட்டுவது, காலடி பழகாமல் கம்பு சுற்றுவது. தினம் 20 நிமிடம், ஒரே நேரம், ஒரே இடம். கோபத்துக்கும் இதுதான். வீச்சு நேராக வந்தால் சிலம்பக்காரர் நின்ற இடத்திலேயே முட்டுக்கொடுக்க மாட்டார், சாய்வாக ஓர் அடி விலகுவார். வீட்டில் ஒரு சுடுசொல் வந்தால் நீங்களும் எழுந்து ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு வந்து பதில் சொல்லுங்கள்.

இங்கே ஒரு கதை சொல்லியாக வேண்டும். ஜூடோவை உண்டாக்கிய கானோ ஜிகோரோ ஐந்தடி இரண்டங்குல ஆள். பள்ளியில் பெரிய பையன்களிடம் அடிபட்டுத் தாங்க முடியாமல் ஜுஜுட்சு என்ற பழைய ஜப்பானியத் தற்காப்புக் கலையைக் கற்கப் போனார். 1877இல் ஃபுகுதா என்ற ஆசிரியரிடம் சேர்ந்தார். அங்கே ஃபுகுஷிமா என்று ஒரு மாணவர், மலை மாதிரி உடம்பு. கானோ பிடித்து இழுத்தால் அசைய மாட்டார். இன்றைக்கும் கானோ கீழே, நாளைக்கும் கானோ கீழே. சுமோக்காரர்களின் பிடியை முயன்று பார்த்தார், பலிக்கவில்லை. நூலகத்துக்குப் போய் மேல்நாட்டு மல்யுத்தப் புத்தகத்தைப் புரட்டினார். எதிராளிக்குக் கீழே தாழ்ந்து புகுந்து, ஆளைத் தோள்மேல் குறுக்காக ஏற்றிப் போடும் பிடி ஒன்று கிடைத்தது. அதை விடாமல் பழகினார். ஒரு நாள் மலை சரிந்தது! ஜூடோவில் இன்றும் அந்தப் பிடி இருக்கிறது. பெயர் கதா குருமா, தோள் சக்கரம் என்று பொருள். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும், ஃபுகுஷிமாவும் நகருவார்.

அந்தக் கானோ 1882இல் கோடோகான் என்ற தம் ஜூடோ பள்ளியைத் தொடங்கியது எங்கே? டோக்கியோவில் எய்ஷோஜி என்ற புத்தர் கோயிலில், 12 பாய் விரிக்கும் இடத்தில். 1964இல் அந்தக் கலை ஒலிம்பிக்குக்கே போனது. ஒரு கோயில் 12 பாய்க்கு இடம் கொடுத்தது பெரியோர்களே! நம் பிள்ளைகளுக்கு நாம் என்ன இடம் கொடுத்திருக்கிறோம்?

சிலம்பத்துக்கு அரசு வேலையில் 3 சதவீத விளையாட்டு இடஒதுக்கீடு வந்தாயிற்று. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டியில் சிலம்பம் காட்சி விளையாட்டாக ஆடப்பட்டது. ஆனால் காலடி வைக்க மண் எங்கே? பூங்காவில் பேவர் பிளாக், பள்ளி வளாகத்தில் பேவர் பிளாக், கோயில் வாசலிலும் பேவர் பிளாக். வெறுங்காலில் சுழன்று திரும்பும்போது கல்லின் விளிம்பு பாதத்தைக் கிழிக்கிறது. மழைக்காலத்தில் பாசி பிடித்து வழுக்குகிறது. குதித்து இறங்கினால் அதிர்ச்சி முழுவதும் முட்டிக்குப் போகிறது. அழகு என்று நினைத்துத்தான் போடுகிறார்கள், அவர்கள் மனம் நோகச் சொல்லவில்லை. பிள்ளைகளின் முட்டியை நினைத்துச் சொல்கிறேன்.

மண் களம் பெரிய செலவில்லை. 30க்கு 30 அடி இடத்தில் அரையடி தோண்டிக் கல் பொறுக்கினால், நிரப்ப 450 கன அடி, அதாவது நாலரை யூனிட் மண் வேண்டும். செம்மண்ணோடு கொஞ்சம் மணல் கலந்து, தண்ணீர் தெளித்துத் திமிசு போட்டு இடித்து இறுக்கினால் களம் தயார். வெறும் களிமண்ணாகப் போட்டால் வெயிலில் வெடிக்கும், மணல் கூடினால் கால் புதையும். தண்ணீர் தேங்காமல் ஓரத்தில் ஒரு வாய்க்கால் போதும்.

பார்வை, மூச்சு, சலாவரிசை மூன்றும் பாக்கி. தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார். பார்வையைப் பற்றி ஒரே சொல்: உங்கள் கம்பைப் பார்க்காதீர்கள், எதிரே நிற்பவரின் மார்பைப் பாருங்கள். அவர் கை எங்கே கிளம்பினாலும் அங்கே தெரிந்துவிடும். மற்ற இரண்டையும் ஆசானிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அக்டோபர் 2இல் கிராம சபை கூடுகிறது. இந்த வாசகத்தைத் தாய்மார்கள் எழுதிக்கொண்டு வாருங்கள்: “பள்ளி மைதானத்தின் வடக்கு மூலையில் 30க்கு 30 அடி இடத்தைக் கல் பதிக்காமல் மண் களமாகவே வைத்து, மாலை 5 முதல் 7 வரை சிலம்பப் பயிற்சிக்குத் திறந்துவிட இச்சபை கேட்டுக்கொள்கிறது.” பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு ஒரு படி, தலைமையாசிரியர் அம்மையாருக்கு ஒரு படி. கையெழுத்துத் தாள் வேப்பமரத்தடியில் ஆசானிடம் இருக்கிறது. நன்றி, வணக்கம்.